ருக்கு எங்கள் வீட்டுக்குக் குளிக்க வந்தது

“சுரண்டி எடுத்துட்டுப் பூசுங்கன்னா மேலயே பூசுறேங்குறீங்களே, மண்டையில என்னதான் இருக்கு உங்களுக்கு?”

“எடுத்தா டைல்ஸோட பேந்து வரும்டி. தெரியாமப் பேசாத.”

“பேந்தா பேந்துட்டுப் போகுது! வருசா வருசம் அழுக்கு மேல அப்பி அப்பி, பாத்ரூம் மூலையெல்லாம் கருவாடு ஒட்டின மாதிரி கெடக்கு. மாப்பிள்ளையோட அம்மா இதுக்குள்ள கால வச்சா அப்படியே திரும்பி பஸ் ஏறிருவாங்க.”

“அவங்க பொண்ணு பாக்க வாராங்களா, பாத்ரூம் பாக்க வாராங்களா?”

“திக்லிபூர்லேருந்து வாராங்கய்யா! விடிய நாலு மணிக்கு பஸ் ஏறினா இருட்டினப்புறம்தான் இங்க எறங்குவாங்க. எறங்கினதும் மொதல்ல எதைத் தேடுவாங்க? உங்க மூஞ்சியையா?”

இதைக் கேட்பதற்காக நான் எங்கும் போகவில்லை. எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டு ருக்குவின் குளியலறை ஜன்னலுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு பாக்கு மரம். அடுப்பைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன், அவ்வளவுதான். குக்கர் விசில் அடித்தால் பாதி வார்த்தை விழாமல் போய்விடுகிறது.

இந்தத் தீவில், சௌல்தாரியில் எங்கள் சந்தில் நடப்பது எதுவும் என்னைத் தாண்டிப் போகாது என்று பெயர். அலமுவிடம் சொன்னால் போதும், மைக் செட்டுக்கு ஆள் வைக்க வேண்டாம் என்பார்கள். என் வீட்டுக்காரர் பழனிசாமி முப்பது வருடம் அரசாங்க பஸ் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்தில் காது போனது தன் பாக்கியம் என்று அவரே சொல்வார். இருக்கட்டும். நான் சொல்ல வந்தது ருக்குவைப் பற்றி. அந்தச் சண்டை நடந்தது ஆனி மாதம் முதல் வாரம். அடுத்த வைகாசியில் ருக்கு இல்லை. அவளுக்கு என்ன நோய் என்று அவள் வீட்டுக்குத் தெரிவதற்கு ஏழு மாதம் முன்பே எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் அந்தச் சண்டையை முடித்துவிடுகிறேன்.

ருக்குவின் வீட்டுக்காரர் பன்னீர்செல்வம் அரசாங்க ஸ்டோரில் கிளார்க். ஸ்டோரில் வேலை பார்த்துப் பார்த்து வீட்டையும் ஸ்டோர் ஆக்கியவர். மெயின்லேண்டிலிருந்து கப்பல் தாமதமானால் வெங்காயம் இருக்காது, காஸ் இருக்காது என்று இங்கே எல்லோருமே நாலு பொருளை வாங்கிப் பதுக்குகிறவர்கள்தான். ஆனால் பன்னீர்செல்வத்துக்கு அது முற்றிப்போயிருந்தது. ஊரடங்கு வருடம் கப்பல் நின்று, மறுபடி முதல் கப்பல் வந்தபோது நாங்கள் எல்லாம் பருப்புக்கு ஓடினோம். அவர் டவுனுக்குப் போய் ஒரு டஜன் சிலிக்கான் ட்யூப் வாங்கி வந்தார். டைல்ஸும் சுவரும் சேரும் இடுக்கு, ஜன்னல் சட்டத்தின் ஓரம், வாஷ்பேசின் விளிம்பு என்று தண்ணீர் நுழையும் இடமெல்லாம் பிதுக்கி அடைப்பார்களே, வெள்ளை ரப்பர் மாதிரி, அது. “திரும்பவும் கப்பல் நின்னா?” என்று கேட்டார். கப்பல் நின்றால் ஆளுக்கு ஒரு ட்யூப் சாப்பிடலாம் என்று ருக்கு சொன்னது சந்து முழுக்கப் பரவியது. பரப்பியது யார் என்று கேட்க வேண்டாம்.

வருடம் ஒரு ட்யூப், மழைக்கு முன்னால், பழையதன் மேலேயே. நாலு வருடத்தில் அது தடித்து, கறுத்து, பின்னால் தண்ணீர் தேங்கி, மழை நாளில் அந்தக் குளியலறை ஈரச் சாக்கு மாதிரி நாறியது. அன்றைக்குச் சண்டையில் தோற்றது பன்னீர்செல்வம்தான். சனி ஞாயிறு இரண்டு நாளும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, ப்ளேடால் இரண்டு பக்கமும் கீறி, கோழிக் குடலை உருவுவது போல முழம் முழமாக உருவினார். ஜன்னல் ஓரங்களையும் விடவில்லை. எடுத்ததைச் செய்தித்தாளில் குவித்து வைத்ததைப் பார்த்து ருக்குவே மூக்கைப் பொத்தினாள். “இதுக்கு நடுவுலதான் நாலு வருசமா குளிச்சிருக்கேன் நானு.”

தின்னர் போட்டுத் துடைத்து, காயவிட்டு, ஓரத்துக்கு டேப் ஒட்டி, துப்பாக்கி மாதிரி ஒன்றில் ட்யூபைச் செருகிப் பிதுக்கி, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் வழித்துவிட்டார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. “ஒரு நாள் தண்ணி படக்கூடாது. கல் தக் சூக் ஜாயேகா.” நாளைக்குள் காய்ந்துவிடும் என்பதை அவர் ஹிந்தியில்தான் சொல்வார். ஆபீஸில் யாரையாவது அலையவிட வேண்டுமானாலும் அதே “கல் தக்”தான்.

மறுநாள் காயவில்லை. அதற்கு மறுநாளும் காயவில்லை. தொட்டால் விரலோடு வந்தது. மழைக்கால ஈரம் என்றார். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். மகள் ஷோபனாவின் தலைமுடி உலர்த்தும் மெஷினைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்கத்தான் நான் அன்று தயிர் கேட்டுப் போனேன் என்று சிலர் சொல்வது பாதி உண்மை. முழு உண்மை என்னவென்றால், அந்த வீட்டுப் படியை நான் மிதித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. படியோடு திரும்பி வந்துவிட்டேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஷோபனாவுக்கு வந்த ஒரு இடம் என்னால் நின்றுபோனது. பையனின் அத்தை பெரார்கஞ்சில் ஒரு வளைகாப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பொண்ணு எப்படி என்று கேட்டாள். தங்கமான பொண்ணு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “கண்ணுதான் கொஞ்சம் பவர் ஜாஸ்தி, உள்ள லென்ஸ் போட்டுருக்கு, பாத்தா தெரியவே தெரியாது” என்று பெருமையாகத்தான் சொன்னேன். அவர்களிடம் அதைச் சொல்லவில்லையாம். மறைத்தார்கள் என்று வேண்டாம் என்றுவிட்டார்கள். ருக்கு என் வாசலுக்கு வந்து சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. பேச்சை நிறுத்திவிட்டாள்.

அப்படிப்பட்டவள், பசை பூசிய இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், தோளில் துண்டும் கையில் வாளியுமாக என் பின்கதவில் நின்றாள்.

“அந்த ஆளு பண்ணின கூத்துல வீட்டுல குளிக்க எடமில்ல. ஒங்க பாத்ரூம யூஸ் பண்ணிக்கலாமா?” அக்கா என்று சொல்லாமல் கேட்டாள்.

“இதென்ன கேள்வி, வா.”

“ஷோபனாவும் வருவா.”

“வரட்டும்.”

“அவரு கெணத்தடியில குளிக்கட்டும். மழையில நனையட்டும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் “அக்கா” திரும்பி வந்தது. நாலாம் நாள் குளித்த பிறகு உட்கார்ந்து டீ குடித்தாள். திக்லிபூர் பையன் பெயர் ரவிக்குமார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அம்மா விஜயலட்சுமிக்குப் பாக்குத் தோட்டம் உண்டு, இந்தத் தடவை லென்ஸ் விஷயத்தை முதல் போனிலேயே சொல்லிவிட்டோம் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் டம்ளரைக் கழுவப் போனேன்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தாள். உள்ளே போய்ப் பத்து நிமிடம், தண்ணீர் ஊற்றும் சத்தமே இல்லை. ஒரு வீட்டில் சத்தம் வந்தால் காதைக் கொடுப்பேன். வராவிட்டால் எழுந்தே போய்விடுவேன்.

“என்னடி, தூங்கிட்டியா?”

“அக்கா… கை தூக்க வரல. முதுகுல கொஞ்சம் சீயக்கா போட்டு விடுறீங்களா?”

பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி, பிளாஸ்டிக் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். எண்ணெய் அங்கேயும் போக வேண்டாமா என்று நான்தான் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினேன். அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று என் விரலில் தட்டியது. அவள் பாவாடையை இழுத்துப் பிடிப்பதற்குள் மற்றதும் தெரிந்துவிட்டது. இடது மார்பின் ஓரம் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

எனக்கு வாய் அடைத்துப்போனது. எனக்கு.

“எப்பலேருந்துடி?”

“மாசியிலேருந்து.”

மாசியில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

“பன்னீருக்குத் தெரியுமா?”

“தெரியாது. தோள்பட்டை வாதம்னு சொல்லி வச்சிருக்கேன். தைலம் வாங்கியாந்து வச்சிருக்காரு, அதுவும் ஆறு பாட்டிலு.”

“நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் கூட வாரேன்.”

“போனா என்ன ஆகும் தெரியுமாக்கா? ஊசி வச்சுப் பாப்பாங்க. மெயின்லேண்டுக்குப் போன்னு எழுதிக் குடுப்பாங்க. அந்தத் தாளு என் கைக்கு வர்றதுக்குள்ள சேதி திக்லிபூர் போயிரும். இந்தத் தீவுல எது தங்குது? எங்க சின்னம்மா இதுலதான் போனா. சின்னம்மாவுக்கு, அப்புறம் எனக்குன்னா, அடுத்து யாருன்னு கேக்க மாட்டாங்களா? இருபத்தெட்டு வயசுக்கா அவளுக்கு.”

“அதுக்காக ஒன் உசுர…”

“ஆவணியில கல்யாணத்த வச்சிருவோம்னுதான் பேச்சு. மூணு மாசம். முடிஞ்ச மறுநாள் நானே சொல்றேன்.” திரும்பி என் கையைப் பிடித்தாள். இரண்டு கையும் சீயக்காயால் வழுக்கியது. “ஒரு தடவ ஒங்க வாயால எம் பொண்ணு கல்யாணம் நின்னுச்சு. இந்தத் தடவ ஒங்க வாயால நடக்கட்டும். யார்ட்டயும் சொல்லாதீங்கக்கா. அண்ணன்கிட்டயும்.”

“அவருக்குத்தான் காது கேக்காதே.”

அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம். அந்த இடத்தில் எப்படிச் சிரிப்பு வந்தது என்று இப்போதும் புரியவில்லை. நான் அவள் முதுகைத் தேய்த்துவிட்டேன். சரி என்று சொன்னேன்.

ஒன்பதாம் நாள் ஷோபனா காலி ட்யூபைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “அப்பா, இது இருவத்தொண்ணுலயே எக்ஸ்பயர் ஆயிருச்சுப்பா” என்றாள். பன்னீர்செல்வம் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். அலமாரியில் மிச்சம் இருந்த அத்தனை ட்யூபும் அதே தேதி. “நாலு வருசமா மேல மேல பூசினதும் ஒட்டவே இல்ல போல” என்று அவராகவே சொன்னார். ருக்கு அன்று அவரைத் திட்டவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்ததாம். பின்னால் என்னிடம் சொன்னார். காயாத பசையை மறுபடி சுரண்டி எடுத்து, டவுனிலிருந்து புது ட்யூப் ஒன்றே ஒன்று வாங்கி வந்து பூசினார். ஒரே ராத்திரியில் காய்ந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் திக்லிபூர்க்காரர்கள் வந்தார்கள். விஜயலட்சுமி பஸ்ஸை விட்டு இறங்கியதும், ருக்கு சொன்னது போலவே, நேரே குளியலறைக்குத்தான் போனார். வெளியே வந்து, “பளிச்சுன்னு வச்சிருக்கீங்க” என்றார். பன்னீர்செல்வம் அரை அடி உயர்ந்தார். இரண்டு ராத்திரி தங்கி, ஷோபனா தலையில் பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஆவணி கடைசியில் முகூர்த்தம்.

குளியலறை சரியாகிவிட்ட பிறகும் ருக்கு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்குத்தான் குளிக்க வந்தாள். “அக்கா பாத்ரூம்ல தண்ணி நல்லா வருது” என்று வீட்டில் சொல்லியிருந்தாள். நான்தான் முதுகு தேய்த்தேன். நெல்லிக்காய் எலுமிச்சங்காய் ஆனது. அருகில் இன்னொன்று வந்தது. நான் ஒவ்வொரு வெள்ளியும் “போவோம்டி” என்பேன். “ஆவணிக்கா” என்பாள்.

ஆடி முடிவில் மாப்பிள்ளையின் சித்தப்பா மெயின்லேண்டில் தவறிப்போனார். ஆவணி முகூர்த்தம் தைக்குப் போய்விட்டது.

அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனேன். பஸ் ஸ்டாப்பில் பன்னீர்செல்வம் குடையோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். கிட்டே போய் நின்றேன். தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால், “பெரார்கஞ்ச்ல தேங்கா வெல ஏறிப்போச்சாமே” என்று வந்தது. அவர் அதற்கு ஐந்து நிமிடம் பதில் சொன்னார். இன்னொரு தடவை புரட்டாசியில் அவர்கள் வீட்டுக்கே போனேன். ஷோபனா கல்யாணப் புடவைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, “பெரியம்மா, இதுல எது?” என்று கேட்டாள். ருக்கு எனக்கு எதிரே உட்கார்ந்து புடவை ஓரத்தை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் மாம்பழக் கலரைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். ஊர் விஷயம் ஒன்று வயிற்றில் இருந்தால் ராத்திரி சோறு இறங்காத பிறவி நான். அந்த ஏழு மாதம் நன்றாகச் சாப்பிட்டேன்.

தையில் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் ருக்கு முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, வலது கையாலேயே எல்லோருக்கும் சந்தனம் கொடுத்தாள். மெலிந்துவிட்டாளே என்று கேட்டவர்களிடம் கல்யாண அலைச்சல் என்றாள். நானும் பக்கத்தில் நின்று, அலைச்சல்தான், அலைச்சல்தான் என்றேன்.

மகள் திக்லிபூர் பஸ் ஏறிய மறுநாள், சொன்ன சொல் தவறாமல், பன்னீர்செல்வத்திடம் சொன்னாள். ஜன்னல் வழியாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அன்று சண்டையே இல்லை. ராத்திரி விளக்கு மட்டும் அணையாமல் இருந்தது.

பத்து நாளில் சென்னைக்குப் பறந்தார்கள். எலும்புக்கு ஏறிவிட்டது என்றார்களாம். மருந்து ஏற்றினார்கள். பங்குனி முழுக்க அங்கே இருந்துவிட்டு, சித்திரையில் வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்தது. “என்னக்கா, சந்துல என்ன விசேசம்?” என்றாள்.

அந்த ஒரு மாதம் காலையும் மாலையும் போய் அவளைத் துடைத்துவிட்டேன். ஷோபனாவும் வந்து தங்கியிருந்தாள். அவள் சமையல்கட்டில் இருக்கும்போது ருக்கு மெதுவாகச் சொல்வாள்: “சாதிச்சுட்டீங்கக்கா. ஏழு மாசம் வாய மூடிட்டு இருந்தீங்களே, நானே நெனக்கல. ஒங்களுக்கு மெடல் குத்தணும்.” நான் துண்டைப் பிழிந்தேன். “கோவிச்சுக்காதீங்க. சந்தோசமாத்தான் சொல்றேன். எம் பொண்ணு நல்லா இருக்கா.”

வைகாசி எட்டாம் தேதி விடிகாலையில் போனாள்.

மறுநாள் எலும்பு பொறுக்கிக் கடலில் கரைத்துவிட்டு வந்த பன்னீர்செல்வம், ஈரத் துணியோடு என் பின்வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை.

“மெட்ராஸ்ல வச்சு சொன்னா. அலமு அக்காவுக்குத் தெரியும்னு.”

கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினேன்.

“இந்தச் சந்துல யாரு வீட்டுப் பூனை குட்டி போட்டாலும் மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லுவீங்களேக்கா. இதை மட்டும் ஏன் சொல்லல?”

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் வந்திருக்கும். கடையில் ஒரு பொருள் ஏன் இல்லை என்று கேட்பது போல, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். அவள் கேட்டுக்கொண்டாள் என்றேன். “அவ ஆயிரம் கேப்பா” என்றார். துண்டைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திக்லிபூரிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். பந்தி முடிந்து இலை எடுக்கும்போது விஜயலட்சுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு முன்பே தெரியும் என்பது தெரியாதவர்.

“சம்பந்தியம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். எங்க பெரியக்காவுக்கும் இதேதான் வந்துச்சு. ஆரம்பத்துலயே ஆபரேசன் பண்ணிட்டோம். பன்னண்டு வருசமாச்சு, கல்லு மாதிரி இருக்காங்க. போன மாசம்கூட தனியா கப்பல் ஏறி வந்தாங்க. நானே மெட்ராஸ் கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

“கல்யாணம் நின்னுரும்னு பயந்திருப்பா” என்றேன்.

“இதுக்கா? எதுக்கு நிக்கணும்?” என்று என்னைத்தான் கேட்டார்.

ஷோபனா தண்ணீர்க் குவளையோடு பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. “ஒங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?” என்றாள். நான் தலையைக் குனிந்தேன். குவளையை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பன்னீர்செல்வம் புரட்டாசியில் ஓய்வு பெற்றார். வீட்டை ஒரு தெலுங்குக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுத் திக்லிபூருக்கே போய்விட்டார். மகள் வீட்டில் இல்லையாம், பஜாருக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாராம். ஷோபனாவுக்குக் கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. பஸ் டிப்போவிலிருந்து பழனிசாமிக்கு யாரோ சொல்லி, காது கேட்காத அந்த மனிதர் வந்து எனக்குச் சொன்னார். அதற்குள் குழந்தைக்குப் பெயர் வைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது.